குருளைச் சாரணர் இயக்கமும் தோட்டத்துப் பிள்ளைகளும்

ஆண்டுதோறும் பள்ளி தொடங்கிய முதல் மாதத்தில் புறப்பாட நடவடிக்கைப் படிவங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறோம். கால்பந்து என்ற கட்டத்தில் கையொப்பமிடப் பெற்றோர் தயங்குவதில்லை. சாரணர் என்ற கட்டத்துக்கு வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. சீருடைக்கு எவ்வளவு ஆகும்? சனிக்கிழமை பிள்ளை வீட்டில் இல்லாவிட்டால் தம்பி தங்கையை யார் பார்ப்பது? கயிற்றில் முடிச்சுப் போடக் கற்று என்ன ஆகப்போகிறது? இது பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் வேலையோ? இவ்வாறு பல ஐயங்கள் எழுகின்றன. இவை நியாயமான ஐயங்களே. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று வெயிலிலும் மழையிலும் உழைப்பவர்கள் ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணித்தான் செலவிட முடியும். ஆதலின், குருளைச் சாரணர் இயக்கம் என்பது யாது, அது எங்கிருந்து வந்தது, நம் பிள்ளைகளுக்கு அதனால் ஆவது என்ன என்பவற்றை இம்மலரில் விரிவாக எழுதலாம் எனக் கருதினோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பது கூறப்பட்டுள்ளன. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்பன அவை. இவற்றுள் குருளை என்பது நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைக்கு உரியது, நரிக்கும் உரியது. ஓநாயைத் தொல்காப்பியர் தனியே சொல்லவில்லை. ஆயினும் அதுவும் நாயின் இனமே. ஆகையால், ஆங்கிலத்தில் ஓநாய்க் குட்டிகள் என்று வழங்கிய சிறுவர் பிரிவுக்குக் குருளையர் எனத் தமிழில் பெயரிட்டவர் யாராயினும் அவர் இலக்கணம் அறிந்தவர் என்றே சொல்ல வேண்டும். சாரணர் என்பதும் பழைய சொல்லே. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் காணும் சாரணர் சமண முனிவர் ஆவர். நாட்டின் நிலைமையை மறைந்திருந்து அறிந்து வரும் ஒற்றரையும் சாரணர் என்பதுண்டு. நம் நாட்டில் மலாய் மொழியில் பெங்காகாப் என்கிறோம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குரிய பிரிவு பெங்காகாப் கானாக்-கானாக் எனப்படும்.

இவ்வியக்கத்தைத் தோற்றுவித்தவர் பேடன் பவல் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர். 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் இலண்டனில் பிறந்த அவர், 1876-இல் தம் பத்தொன்பதாம் வயதில் இந்தியாவின் லக்னோ நகரில் இருந்த குதிரைப் படையில் சேர்ந்தார். வேவு பார்க்கும் வேலைக்கு வீரர்களைப் பழக்குவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. நூறு பேரை வரிசையில் நிறுத்திக் கட்டளையிடுவதை அவர் விரும்பவில்லை. ஐந்தாறு பேரைச் சிறு குழுவாக்கி, அவர்களுள் ஒருவனைத் தலைவனாக்கி, பொறுப்பை அவன் கையில் கொடுத்துவிடுவார். தடம் பார்த்தல், திசை அறிதல், கண்டதை மறவாமல் வந்து சொல்லுதல் ஆகியவற்றை அவர்களே ஒருவர்க்கொருவர் கற்றுக்கொள்ள வேண்டும். இம்முறையை விளக்கி அவர் எழுதிய படைவீரர் கையேடு 1899-இல் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல் 1900 மே வரை, 217 நாள்கள், தென்னாப்பிரிக்காவில் மாபெகிங் என்னும் ஊர் முற்றுகைக்கு உள்ளாயிற்று. அவ்வூர்ச் சிறுவர்கள் செய்தி கொண்டு செல்லும் வேலையைத் துணிவுடன் செய்தனர். போர்முனை சிறுவர்க்குரிய இடமன்று என்பது நம் கருத்து. ஆனால் பொறுப்பைக் கொடுத்தால் சிறுவர் அதைச் சுமப்பர் என்னும் உண்மையைப் பேடன் பவல் அங்குக் கண்டார். நாடு திரும்பியபோது, படைவீரர்க்காக எழுதிய தம் நூலைப் பள்ளிச் சிறுவர்கள் விளையாட்டுக்காகப் படித்துக்கொண்டிருந்ததையும் கண்டார்.

1907 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் பிரௌன்சித் தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கொண்டு முதல் முகாம் நடைபெற்றது. அதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அச்சிறுவருள் பாதிப்பேர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள், மற்றவர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இரு சாராரையும் ஒரே கூடாரத்தில் படுக்க வைத்து, ஒரே பானையில் சமைத்து உண்ணச் செய்தார். சீருடையின் நோக்கமும் இதுவே. மிடுக்காகத் தோன்றுவதற்காக அன்று, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் இருப்பதற்காகவே சீருடை. மறு ஆண்டாகிய 1908-இல் சிறுவர்க்கான சாரண நூல் வெளிவந்தது.

அந்நூல் பதினோரு பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியது. அண்ணன்மார் சாரணராகச் சுற்றித் திரிவதைக் கண்ட தம்பிமார் சும்மா இருப்பார்களா? நாங்களும் வருவோம் என்று பின்னாலேயே ஓடினர். அவர்கட்கெனத் தனிப் பிரிவு வேண்டியதாயிற்று. 1916-இல் குருளையர் பிரிவு முறையாகத் தொடங்கப்பட்டது. அதற்கு அடிப்படையாக அவர் எடுத்துக்கொண்டது கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட காட்டுக் கதைகள். மத்திய இந்தியாவின் சியோனிக் காடுகளில் ஓநாய்களால் வளர்க்கப்படும் மௌக்லி என்னும் சிறுவனின் கதை அது. ஓநாய்த் திரளின் தலைவன் அகேலா. இந்தியில் தனித்திருப்பவன் என்று பொருள். பாடம் சொல்லிக் கொடுக்கும் கரடி பாலு, கருஞ்சிறுத்தை பகீரா. இன்றும் உலகின் பல நாடுகளில் குருளையர் தம் ஆசிரியரை அகேலா என்றே அழைக்கின்றனர். ஆங்கிலேயச் சிறுவர்கள் வட்டமாகக் குந்தி அமர்ந்து ஓர் இந்தியச் சொல்லைக் கூவிய காலம் அது என்பதை எண்ணினால் நமக்குச் சிறிது நகைப்பும் வருகிறது.

நகைப்புக்கு அடுத்தாற்போல் வருத்தமும் உண்டு. அகேலா இந்தியக் காட்டிலிருந்து வந்தவன். சாரண முறையோ இந்திய மண்ணிலிருந்த படைமுகாம்களில் பக்குவப்பட்டது. ஆயினும் 1909-இல் பெங்களூரில் முதல் சாரணர் படை தொடங்கப்பட்டபோது, அதில் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இடம். இந்தியச் சிறுவரைச் சேர்ப்பதற்கு ஆட்சியாளர் இணங்கவில்லை. கூட்டமாக நடக்கவும் குறிப்பறிந்து செயற்படவும் இவர்களுக்குக் கற்றுக் கொடுத்தால் நாளை நமக்கெதிராகத் திரும்புவர் என்னும் அச்சமே காரணம். இதனைக் கண்டு பொறாத அன்னி பெசண்ட் அம்மையார், அருண்டேல் என்பவருடன் சேர்ந்து 1917-இல் சென்னையில் இந்தியச் சாரணச் சிறுவர் சங்கத்தை நிறுவினார். அச்சிறுவர்கள் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தனர். மறு ஆண்டு அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா முதலியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தைத் தொடங்கினர். 1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்து நேரில் கண்ட பிறகு, அம்மையாரின் சங்கம் தாய்ச் சங்கத்துடன் இணைக்கப்பட்டது. இந்தியச் சிறுவர்க்கும் கதவு திறந்தது. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7-ஆம் நாள், பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவாயிற்று. நம் பிள்ளையின் கழுத்தில் கிடக்கும் துண்டு, ஒரு காலத்தில் நம்மவர்க்கு மறுக்கப்பட்டுப் பின்னர் போராடிப் பெறப்பட்ட துண்டு என்பதைப் பெற்றோர் அறிதல் நன்று.

மலாயாவில் 1908-இல் பினாங்கில் இவ்வியக்கம் அரும்பியது எனக் கூறுவர். நம் ஜொகூருக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரில் 1910 ஜூலையில் பிராங்க் கூப்பர் சாண்ட்ஸ் என்பவர் முயற்சியால் தொடங்கப்பட்டது. மலாயாச் சாரணியத்தின் தந்தை என அவரைப் போற்றுவர். ஜப்பானியர் காலத்தில் தடைப்பட்டு, போருக்குப் பின் மீண்டும் தழைத்தது. 1957-இல் மலாயா விடுதலை பெற்ற ஆண்டிலேயே உலகச் சாரணர் அமைப்பில் நம் நாட்டுக்குத் தனி இடம் கிடைத்தது. இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகளின் சங்கங்கள் அவ்வமைப்பில் உள்ளன.

இனிப் பிள்ளைகள் செய்வது என்ன என்பதற்கு வருவோம்.

முடிச்சுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்ட பெற்றோர்க்கு இரண்டே முடிச்சுகளைச் சொல்கிறோம். ஒன்று, மலாயில் பூக்கு சீலா எனப்படும் நேர்முடிச்சு. வலக்கைக் கயிற்றை இடக்கைக் கயிற்றின் மேல் போட்டு முறுக்கி, அடுத்து இடக்கையில் உள்ளதை வலக்கையில் உள்ளதன் மேல் போட்டு முறுக்கினால் இம்முடிச்சு அமையும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டால் அது வேறொரு முடிச்சாகி நழுவிவிடும். நேர்முடிச்சு தட்டையாகப் படியும், உடம்பை உறுத்தாது, வேண்டும்போது எளிதில் அவிழும். ஆகவேதான் காயத்துக்குக் கட்டும் துணியில் இதைப் போடுகின்றனர். மற்றொன்று தீண்டே காசே எனும் முடிச்சு. இதனால் அமையும் வளையம் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. ஆற்றில் விழுந்தவரின் இடுப்பில் மாட்டி இழுக்க உதவும். மாட்டைக் கழுத்தில் கட்டும்போது சுருக்குப் போட்டுவிட்டு, அது மிரண்டு ஓடிக் கழுத்து நெரிந்து மாண்ட கதைகள் தோட்டத்தில் எத்தனை! பத்து வயதுப் பிள்ளை இம்முடிச்சைக் கற்று வந்து மாட்டுக்காரத் தாத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்ததை நாங்கள் அறிவோம். தாத்தா முதலில் ஒப்பவில்லை. தாமே இழுத்துப் பார்த்த பின்னர்தான் ஒப்பினாராம்.

அடுத்தது கிம் விளையாட்டு. கிப்ளிங் 1901-இல் எழுதிய கிம் என்னும் புதினத்திலிருந்து வந்த பெயர் இது. ஒரு தட்டில் இருபத்து நான்கு பொருள்களைப் பரப்பி ஒரு நிமிடம் பார்க்கச் செய்து, பின்னர் துணியால் மூடிவிட வேண்டும். பார்த்தவற்றைப் பிள்ளைகள் எழுத வேண்டும். விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. ரப்பர்க் கொட்டை, மங்கு, செம்பனைப் பழம், தீப்பெட்டி, பொத்தான், ஆணி, பழைய பேருந்துச் சீட்டு என்று கைக்குக் கிடைப்பவை போதும். முதல் வாரம் எட்டுப் பொருள் எழுதுபவன், மூன்றாம் மாதத்தில் பதினெட்டுப் பொருள் எழுதுகிறான். திருக்குறளையும் வாய்பாட்டையும் மனத்தில் இருத்தும் ஆற்றலும் இவ்வாற்றலும் வெவ்வேறல்ல என்பது நீண்ட காலம் கரும்பலகை முன் நின்ற எங்கள் எண்ணம்.

திசை அறிதலைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த நூல்கள், இரவில் வடமீனைப் பார்த்து வடக்கை அறிக என்கின்றன. அவர்கள் நாட்டில் அது வானில் உயர நிற்கும். நம் ஜொகூரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டரைப் பாகை தொலைவில் உள்ளது. ஆதலால் இங்கு வடமீன் தொடுவானத்தோடு ஒட்டிக் கிடக்கும். மரங்களும் மூட்டமும் அதை மறைத்துவிடும். நூலில் உள்ளதை அப்படியே சொல்லிக் கொடுத்தால் பிள்ளை கழுத்து வலிக்கத் தேடிவிட்டு வந்து நிற்பான். ஆகவே நாங்கள் பகல் நேரத்து நிழலைக் கொண்டு பயிற்றுகிறோம். வெயில் படும் சமதரையில் ஒரு கோலை நட்டு, அதன் நிழல் நுனியில் ஒரு கல்லை வைக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து, நகர்ந்துள்ள நிழல் நுனியில் மற்றொரு கல்லை வைக்க வேண்டும். முதற் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. கிழக்கு நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு. இவ்வளவுதான். ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாக மாறிவிட்ட இக்காலத்தில் இது வீண் வேலையன்று. செம்பனை நிரைகள் எப்பக்கம் திரும்பினும் ஒன்றுபோலவே தோன்றும். புதிதாக வந்த பெரியவர்களே வழி தப்பிப் போகிறார்கள். மாணவச் செல்வங்களே, இதனை உங்கள் வீட்டு வாசலிலேயே நாளை செய்து பாருங்கள்.

முதலுதவியில் எங்கள் பிள்ளைகள் கற்பவை சிலவே. வெந்நீரோ எண்ணெயோ பட்டுச் சுட்டுவிட்டால், அவ்விடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசை, உப்பு, சோயாச் சாறு எதுவும் தடவலாகாது. பாம்பு தீண்டினால் கடிவாயைக் கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தவறு. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சென்ற ஆண்டு நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் தம்பி தேநீர்க் குவளையைக் கையில் கவிழ்த்துக்கொண்டான். அண்ணன் அவனைக் குழாயடிக்கு இழுத்துச் சென்று நீரைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தவாறே நின்றான். பாட்டி பற்பசையுடன் ஓடி வந்தாராம், பேரன் விடவில்லையாம். தம்பியின் கையில் இன்று தழும்பே தெரியவில்லை. பாட்டிக்குத்தான் சில நாள் கோபம்.

இதைவிட முக்கியமானதாக நாங்கள் கருதுவது தொலைபேசிப் பழக்கம். 999 எண்ணை அழைக்கப் பலருக்கும் தெரியும். அழைத்தபின் என்ன சொல்வது? தோட்டத்துக்குள் தெருப் பெயரும் இல்லை, வீட்டு எண்ணும் வெளியாருக்குப் புரியாது. எந்தத் தோட்டம், எத்தனையாவது டிவிஷன், பெருஞ்சாலையிலிருந்து எந்த முனையில் திரும்ப வேண்டும், அங்கிருந்து என்ன அடையாளம், அடிபட்டவர் எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா என்பவற்றை மலாய் மொழியில், அழாமல், வரிசையாகச் சொல்லப் பழக்குகிறோம். ஒரு பிள்ளை பேசுவான். மற்றவன் சுவருக்கு அப்பால் நின்று, கேட்டதை வைத்து வழி வரைவான். முதல் நாள் வரைந்த வழிகளைப் பின்பற்றியிருந்தால் ஆம்புலன்ஸ் வண்டி பத்துத் தோட்டங்களைச் சுற்றியிருக்கும்.

இங்கேதான் நாங்கள் மனத்தில் நெடுநாள் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பள்ளியில் பிள்ளைகள் சிலரே. ஆசிரியர் ஒவ்வொருவரும் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்போம். ஆறாம் ஆண்டு முடிந்ததும் அவர்கள் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். ஆயிரம் பேர் உள்ள பள்ளி, வேற்று மொழி, வேற்று முகங்கள். நன்றாகப் படித்த பிள்ளையே அங்குக் கடைசி இருக்கையில் வாய் திறவாமல் அமர்ந்துவிடுகிறான். தெரியாததைக் கேட்க அஞ்சுகிறான். சில மாதங்களில் பேருந்தைத் தவறவிடத் தொடங்குகிறான். பின்னர் ஒரு நாள் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிடுகிறான். இவர்கள் நின்றது அறிவுக் குறைவால் அன்று. முன்பின் அறியாதவர் முன் எழுந்து நின்று பேசிய பழக்கம் இல்லாமையால்தான்.

குருளையர் முறை இதற்கு மருந்தாகிறது. குருளையர் படையில் ஆறு பேர் கொண்டது ஒரு குழு. ஆறுபேருள் ஒருவன் தலைவன், ஒருவன் துணைத்தலைவன். எவன் வரவில்லை, ஏன் வரவில்லை, யாருக்கு முடிச்சு இன்னும் வரவில்லை என்பதெல்லாம் அவன் பொறுப்பு. ஆசிரியர் அவனைத்தான் கேட்பார். ஒன்பது வயதில் ஐந்து பேருக்குப் பொறுப்பேற்றவன் பதின்மூன்று வயதில் எளிதில் ஒடுங்கிவிடமாட்டான். மாவட்ட முகாமுக்குச் சென்றால் மலாய், சீனப் பிள்ளைகளுடன் சேர்ந்து அடுப்பு மூட்டுகிறான். விறகு ஈரமாக இருந்தால் எல்லா மொழியிலும் புகைதான் வரும். தேர்ச்சிக்கேற்ப கெரிஸ் காங்சா, கெரிஸ் பேராக், கெரிஸ் எமாஸ் எனும் வெண்கல, வெள்ளி, தங்கக் கெரிஸ் சின்னங்கள் உண்டு. சின்னம் பெறப் பிறநூற் சோதகர் முன் நின்று செய்து காட்ட வேண்டும். அச்சோதனையே ஒரு பயிற்சி.

பழைய குருளையர் விதிகள் இரண்டே. மூத்தோர் சொற்கேட்டல் ஒன்று. தன் மனம் போன போக்குக்குத் தான் இணங்காதிருத்தல் மற்றொன்று. முதல் விதியை எல்லாப் பெற்றோரும் விரும்புவர். இரண்டாவதே அரியது. அயர்வு வந்தபோதும் தொடங்கிய வேலையை முடித்தல், அழுகை வந்தபோதும் சொல்ல வேண்டியதைச் சொல்லுதல் ஆகியவை அதன்பாற்படும். நாளுக்கு ஒரு நற்செயல் என்பதும் குருளையரின் கடமை. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தாம் செய்ததைச் சொல்வர். அம்மாவுக்கு உதவினேன் என்று பொதுவாகச் சொன்னால் ஏற்பதில்லை. எதில், எப்போது என்று கேட்போம்.

படிப்புக் கெடும் என்பாரும் உளர். முன்னர் யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினர். அத்தேர்வு 2021-ஆம் ஆண்டு எடுக்கப்பட்டுவிட்டது. ஆட்சேபம் மட்டும் எடுபடவில்லை. வாரம் ஒரு முறை ஒன்றரை மணி நேரம் கூடுவதால் எப்பாடமும் கெடாது. பெண்பிள்ளைகளை அனுப்பலாமா என்பாருக்கு ஒன்று சொல்வோம். அவர்கட்கெனப் பாண்டு புத்ரி இயக்கத்தில் தூனாஸ் புத்ரி எனும் இளஞ்சாரணியர் பிரிவு உண்டு. பெண்ணாசிரியர் பொறுப்பில் நடப்பது அது. தம்பியைத் தூக்கி வளர்த்து, சோறாக்கி, தண்ணீர் சுமக்கும் சிறுமிக்கு முகாம் வேலை பெரிதன்று; தனக்கென்று ஒரு மாலைப் பொழுது கிடைப்பதே அவளுக்குப் பெரிது.

ஆயத்தமாயிரு என்பது சாரணர் குறிக்கோள். இதன் பொருளை ஜொகூர்க்காரர்க்கு விளக்க வேண்டியதில்லை. 2006 டிசம்பரில் பெய்த பெருமழையில் சிகாமட், கோத்தா திங்கி, பத்து பஹாட், மூவார் வட்டாரங்கள் நீரில் மூழ்கின. 2007 ஜனவரியில் இம்மாநிலத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து நிவாரண மையங்களில் தங்கினர். 2023 மார்ச்சில் மீண்டும் வெள்ளம் வந்தது. ஆகவே எங்கள் குருளையர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு பையை ஆயத்தம் செய்திருக்கின்றனர். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல் ஆகியவை நீர் புகாத உறையில் இருக்கும். கைவிளக்கு, ஒரு மாற்றுடை, பாட்டி தாத்தாவின் மருந்துப் பெயர் எழுதிய தாள் ஆகியவையும் உண்டு. அத்தாளைப் பிள்ளைகளே எழுத வேண்டும் என்பது எங்கள் கட்டளை. பல வீடுகளில் பாட்டி என்ன மருந்து உண்கிறார் என்பது அன்றுதான் தெரிய வந்தது.

செலவைப் பற்றி இறுதியாகக் கூறுவோம். முதல் ஆண்டு முழுச் சீருடை வேண்டுமென நாங்கள் வற்புறுத்துவதில்லை. கழுத்துத் துண்டு ஒன்று போதும். அதைப் பிணைக்கும் வளையத்தைப் பிள்ளைகளே கயிற்றால் பின்னிக் கொள்வர். ஆறாம் ஆண்டை முடித்துச் சென்றவர்கள் விட்டுச் சென்ற சட்டைகள் துவைத்து மடித்து அலமாரியில் உள்ளன. அளவு பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பெயர்ப் பட்டியல் வைப்பதில்லை, யார் எடுத்தார் என்று கேட்பதும் இல்லை. தம்பி தங்கையை வைத்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகள் அவர்களையும் அழைத்து வரலாம். கிம் விளையாட்டுக்குப் பார்வையாளராக அவர்கள் திண்ணையில் அமரட்டும். கூட்டம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும். படிவத்தைத் தொலைத்துவிட்டவர்கள் வெறுந்தாளில் பிள்ளையின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வோம்.